முதல் ஓவியம் வாங்குறதுக்கு முன்னாடி: ஆர்ட் சேக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

ஆர்ட் வாங்க ஆசையா இருக்குன்னு யாராவது சொன்னா அடுத்து வர்ற கேள்வி பெரும்பாலும் "எதை வாங்கினா பின்னாடி விலை ஏறும்"தான். அதை முதல்லயே ஓரங்கட்டிடலாம், ஏன்னா கணக்கு அப்படி. கேலரில ஒரு ஓவியம் வாங்குறீங்கன்னா நீங்க குடுக்குற காசுல வழக்கமா பாதி கேலரிக்கு, பாதி ஆர்ட்டிஸ்டுக்கு. அதையே மறுநாள் விக்கப் போனா அந்த விலைக்கு எடுத்துக்க ஆள் கிடைக்காது. ஏலத்துல போட்டா விக்கிறவர்கிட்ட ஒரு கமிஷன், வாங்குறவர்கிட்ட தனியா இன்னொரு கமிஷன், அது போக போட்டோ, இன்ஷூரன்ஸ், அனுப்புற செலவுன்னு போய்க்கிட்டே இருக்கும். இன்னைக்கு வேலை செய்ற ஆர்ட்டிஸ்டுகள்ல முக்கால்வாசிப் பேரோட படைப்புக்கு மறுவிற்பனை மார்க்கெட்டே கிடையாது, செய்தில வர்ற பெரிய பெரிய விலையெல்லாம் ரொம்பச் சின்ன ஒரு கூட்டத்துக்குள்ள நடக்குற விஷயம். அதனால திரும்பி வராட்டியும் தூக்கம் கெடாத காசை மட்டும் இதுக்குன்னு ஒதுக்குங்க. தினமும் பாக்கப் போறது நீங்க, அப்போ உங்களுக்குப் பிடிச்சதைத்தான் வாங்கணும்.

ஆனா "பிடிச்சதை வாங்குங்க"ன்னு சொல்லிட்டுப் போறதும் அரைகுறை அட்வைஸ்தான். பிடிக்கிறதுங்கறது பாக்கப் பாக்க மாறுற விஷயம், ஆரம்பத்துல கண்ணுல பளிச்னு அடிக்கிறது வேற, ஆறு மாசம் கழிச்சும் நின்னு பாக்க வைக்கிறது வேற. அதான் முதல் வேலை வாங்குறது இல்ல, பாக்குறது.

முதல்ல கண்ணைப் பழக்குங்க

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல ஜனங்க ஒரு படைப்பு முன்னாடி எவ்வளவு நேரம் நிக்கிறாங்கன்னு அளந்து பாத்த ஒரு ஆய்வு 2001-ல வந்துச்சு, சராசரி 27 செகண்ட். அதுல பாதி நேரம் பக்கத்துல இருக்குற லேபிள் படிக்கிறதுலயே போயிடும்னு நான் நினைக்கிறேன். நீங்க தலைகீழா பண்ணுங்க. ஒரு ஷோவுக்குப் போனா எல்லாத்தையும் ஒரு சுத்து வேகமா பாத்துட்டு, ஒண்ணே ஒண்ணைத் தேர்ந்தெடுத்து அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நில்லுங்க, லேபிளைக் கடைசில படிங்க. கண்ணு முதல்ல எங்க போச்சு, அப்புறம் எங்க போச்சு, இதை எப்படிப் பண்ணியிருப்பாங்க, எது உறுத்துது, இந்த நாலையும் ஃபோன் நோட்ஸ்ல எழுதி வைங்க. கூடவே பிடிக்காத ஒண்ணையும் எழுதுங்க, ஏன் பிடிக்கலன்னு. இது ரொம்ப முக்கியம், ஏன்னா சில மாசம் கழிச்சுப் படிச்சுப் பாத்தா பிடிக்காத லிஸ்ட்ல இருந்து ரெண்டு மூணு உங்க மனசுல உக்காந்திருக்கும், பிடிச்ச லிஸ்ட்ல பலதும் ஞாபகத்துலயே இருக்காது.

பக்கத்துல மியூசியம் இல்லாதவங்களுக்கு ஆன்லைன்ல நிறைய கிடக்கு. மெட்ரோபாலிட்டன் 2017-ல தன்கிட்ட இருக்குற காப்புரிமை முடிஞ்ச படைப்புகளோட லட்சக்கணக்கான படங்களை யார் வேணா எடுத்துக்கலாம்னு திறந்து விட்டுச்சு, ஆம்ஸ்டர்டாம்ல இருக்குற ரைக்ஸ்மியூசியம் அதுக்கும் முன்னாடியே பண்ணிடுச்சு, பிரஷ் தடம் தெரியுற அளவுக்கு ஜூம் பண்ணலாம். ஆனா ஸ்கிரீன் அளவு விஷயத்துல நல்லா ஏமாத்தும். மோனாலிசா 77 சென்டிமீட்டர் உயரம்தான், பிக்காசோவோட குவர்னிக்கா ஏழே முக்கால் மீட்டர் அகலம், ஃபோன்ல ரெண்டும் ஒரே சைஸ். அதனால ஆன்லைன்ல எதையாவது வாங்குறதா இருந்தா அளவை நூலால சுவத்துல அளந்து டேப் ஒட்டிப் பாத்துட்டு வாங்குங்க.

உங்களுக்குன்னு ரெண்டு ரூல்

கையில காசு கம்மியா இருக்குறவங்க கலெக்ட் பண்றதைப் பத்திப் பேசினா ஹெர்பர்ட் வோகல், டோரத்தி வோகல் தம்பதியை விட்டுட்டுப் பேச முடியாது. ஹெர்பர்ட்டுக்கு நியூயார்க்ல தபால் ஆபீஸ்ல கடிதம் பிரிக்கிற வேலை, டோரத்தி புரூக்ளின்ல லைப்ரரியன். 1962-ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, டோரத்தி சம்பளத்துல குடும்பம், ஹெர்பர்ட் சம்பளத்துல ஆர்ட். அவங்களுக்கு இருந்த ரூல் ரெண்டே ரெண்டு, விலை கட்டுப்படியாகணும், அந்த ஒரு பெட்ரூம் அபார்ட்மென்டுக்குள்ள அடங்கணும். நேரா ஆர்ட்டிஸ்டுங்க ஸ்டுடியோவுக்கே போய், பேசி, தவணைல காசு கட்டி வாங்கினாங்க. அப்போ பெருசா யாருக்கும் தெரியாத சால் லெவிட் மாதிரி ஆளுங்களோட வேலையைத் தேடிப் போனாங்க, பெரிய கேன்வாஸ் வாங்க முடியாதுங்கறதால டிராயிங், ஸ்கெட்ச்னு காகித வேலைகள் நிறைய சேந்துச்சு. கடைசில 4,000-க்கு மேல சேத்துட்டாங்க, பெரும்பகுதியை 1992-ல வாஷிங்டன் நேஷனல் கேலரிக்குக் குடுக்க ஏற்பாடு பண்ணினாங்க. இத்தனைக்கும் வித்துச் சம்பாதிக்கவே இல்ல.

இதுல நமக்கு எடுத்துக்க வேண்டியது 4,000 இல்ல, ரூல். ரூல் இல்லாம வாங்கினா அஞ்சு வருஷத்துல வீட்ல சாமான்தான் சேரும். ரூல் எப்படி வேணா இருக்கலாம்: காகிதத்துல பண்ணது மட்டும், கறுப்பு வெள்ளை மட்டும், ஒரு ஆர்ட்டிஸ்ட்டோட வேலையை ஒவ்வொரு காலகட்டத்துல இருந்தும் ஒண்ணு, பெண்கள் பண்ண மர வேலைப்பாடு, எதுனாலும். நீங்க எழுதி வச்ச நோட்ஸ்லயே இது ஒளிஞ்சிருக்கும், தேடி எடுங்க. அப்புறம் ஒரு வருஷத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு தொகை, அதுல ஃப்ரேமும் அடக்கம். ஃப்ரேம் செலவைப் புதுசா வர்றவங்க யாருமே கணக்குல சேக்க மாட்டாங்க, சின்ன பிரிண்ட்டா இருந்தா படத்தை விட ஃப்ரேம் விலை ஜாஸ்தியா வர்றது சகஜம். ரூலை மீறவே கூடாதான்னா, மீறலாம், ஆனா மீறுறோம்னு தெரிஞ்சு மீறணும்.

பிரிண்ட்ல இருந்து ஆரம்பிக்கிறது ஏன் நல்லது

என்னைக் கேட்டா முதல் வாங்கல் ஒரு ஒரிஜினல் பிரிண்ட்டா இருக்கட்டும். பெரிய ஆர்ட்டிஸ்டோட வேலைகூட ஓரளவு எட்டுற விலைல கிடைக்கிறது இதுலதான், கத்துக்க நிறைய இருக்கு, ஏமாத்துறதும் இங்க நிறைய நடக்குதுங்கறதால கண்ணு சீக்கிரம் கூர்மையாகும்.

ஒரிஜினல் பிரிண்ட்னா ஓவியத்தோட காப்பி இல்ல. பிரிண்ட் ஆகி வர்றதுதான் படைப்பே. எட்சிங்னா செப்புத் தகட்டுல மெழுகு மாதிரி ஒரு பூச்சு பூசி, அதுல கீறி, ஆசிட்ல முக்கி, அரிச்ச கோட்டுக்குள்ள மை அடைச்சு பிரஸ்ல வச்சு அழுத்துவாங்க, அதனால காகிதத்துல தகட்டோட விளிம்பு பள்ளமாத் தெரியும், கோடு லேசா மேல எழும்பி நிக்கும். மரக்கட்டைலயும் லினோங்கற மெத்துனு இருக்குற தரைவிரிப்பு ஷீட்லயும் வேண்டாததைச் செதுக்கி எடுத்துட்டு மீதிக்கு மை தடவுவாங்க. லித்தோகிராஃப் 1796-ல அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடிச்சது, எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுங்கற ஒரே விஷயத்தை வச்சு கல்லுல இருந்து எடுக்குறது. ஸ்கிரீன் பிரிண்ட்னா துணி வலை வழியா ஒவ்வொரு கலரா தள்ளுறது. இதெல்லாம் தெரிஞ்சா என்ன லாபம்னா, ஒரு பத்து மடங்கு லென்ஸ் எடுத்துக்கிட்டுப் போய் உத்துப் பாத்தாலே பல விஷயம் வெளிய வந்துடும். வரிசை வரிசையா நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளி தெரிஞ்சா அது பத்திரிகை அடிக்கிற மாதிரி ஆஃப்செட்ல அடிச்ச காப்பி, யார் கையெழுத்து போட்டிருந்தாலும் அது போஸ்டர்தான். "ஜிக்லே"ன்னு அழகா ஒரு பேர் போட்டிருந்தா அது இங்க்ஜெட் பிரிண்ட், அவ்வளவுதான். ஆர்ட்டிஸ்ட் அந்த முறைக்குன்னே யோசிச்சுப் பண்ணி, நல்ல பிக்மென்ட் இங்க்ல பருத்திக் காகிதத்துல எடுத்திருந்தா அதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா ஓவியத்தை போட்டோ பிடிச்சு அடிச்சுட்டு எட்சிங் விலை கேட்டா நடையைக் கட்டுங்க.

அடுத்து எடிஷன், அதாவது ஒரே படத்தை மொத்தம் எத்தனை பிரதி அடிக்கிறாங்கங்கறது. கீழ பென்சில்ல 12/50-ன்னு இருந்தா மொத்தம் 50, இது அதுல 12-ன்னு அர்த்தம். 1/50 ரொம்ப உசத்தின்னு ஒரு நம்பிக்கை இருக்கு, பொதுவா அப்படியெல்லாம் இல்ல, நம்பர் போடுற வரிசையும் அச்சடிச்ச வரிசையும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமே கிடையாது. "ஏ.பி."ன்னு எழுதியிருந்தா ஆர்ட்டிஸ்ட் தனக்குன்னு வச்சுக்கிட்ட பிரதி, வழக்கமா எடிஷன்ல பத்துல ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். நீங்க கேக்க வேண்டிய கேள்வி இது: எல்லாம் சேத்து மொத்தம் எத்தனை பிரதி வெளிய இருக்கு, தகட்டை என்ன பண்ணீங்க? ஒழுங்கான ஆளா இருந்தா எடிஷன் முடிஞ்சதும் தகட்டுல குறுக்கா கீறி ரத்து பண்ணியிருப்பாங்க. போட்டோகிராஃப் வாங்கினா இன்னொரு கேள்வியும் உண்டு, வேற சைஸ்ல தனி எடிஷன் இருக்கா? 30 சென்டிமீட்டர்ல 10, 60-ல 10, ஒரு மீட்டர்ல 5-ன்னு இருந்தா நீங்க நினைச்ச 10 உண்மைல 25.

கையெழுத்தை மட்டும் நம்பினா என்ன ஆகும்ங்கறதுக்கு ஸ்பெயின் ஓவியர் டாலி கதை போதும். 1974-ல பிரெஞ்சு கஸ்டம்ஸ் ஒரு வண்டியை நிறுத்திப் பாத்தா உள்ள 40,000 வெத்துக் காகிதம், ஒவ்வொண்ணுலயும் சால்வடார் டாலியோட கையெழுத்து மட்டும். அதுக்கு மேல யார் எதை வேணா அடிச்சுக்கலாம். இன்னைக்கு வரைக்கும் டாலி பிரிண்ட் மார்க்கெட்ல அந்தக் குழப்பம் தீரல, புதுசா வர்றவங்க அந்தப் பக்கம் போகாம இருக்குறது நல்லது.

எங்க வாங்குறது

கேலரிக்குள்ள போகக் கூச்சப்படுறவங்க நிறைய பேர். அங்க உள்ள போறது ஃப்ரீ, வாங்கலன்னா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. விலை லிஸ்ட் கேளுங்க, சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தா வித்தாச்சு. எந்த வருஷம் பண்ணது, என்ன மெட்டீரியல், இதுக்கு முன்னாடி எங்கயாவது காட்சிக்கு வச்சிருக்கா, இந்த விலை எப்படி வந்துச்சு, இதையெல்லாம் நேரடியாவே கேக்கலாம். புது ஆர்ட்டிஸ்டுங்களுக்குப் பல இடத்துல நீளத்தையும் அகலத்தையும் கூட்டி ஒரு எண்ணால பெருக்கி விலை வைப்பாங்க, அதனால ஒரே ஆர்ட்டிஸ்டோட சுமார் படமும் சூப்பர் படமும் ஒரே சைஸா இருந்தா ஒரே விலைல தொங்கும். கண்ணைப் பழக்கினது இங்கதான் காசாகும். தவணை கேக்கலாம், ஒரு வாரம் எடுத்து வைக்கச் சொல்லலாம், பத்து பர்சென்ட் அளவுக்கு விலை குறைச்சுக் கேக்குறதும் சகஜம்தான். ஆர்ட்டிஸ்ட்கிட்டயே நேரா வாங்கும்போது மட்டும் பேரம் பேசாதீங்க, இது ரூல் இல்ல, என் அபிப்பிராயம். அவரோட வேலையை வழக்கமா விக்கிற கேலரி ஒண்ணு இருந்தா அதைத் தாண்டி பின்வாசல் வழியா விலை கம்மியா கேக்குறதும் வேண்டாம், அவரைத்தான் தர்மசங்கடத்துல மாட்டி விடுவீங்க.

ஆர்ட் காலேஜ் இறுதியாண்டு ஷோ, ஸ்டுடியோ திறந்து விடுற நாள், சின்ன பிரிண்ட் ஸ்டுடியோ, இதெல்லாம் ஆரம்பிக்கிறவங்களுக்கு அருமையான இடம். ஆர்ட் ஃபேர்னா முதல் நாள் பாத்துட்டு வீட்டுக்கு வந்துடுங்க, தூங்கி எழுந்தும் ஞாபகம் இருந்தா மறுநாள் போய் வாங்குங்க, அதுக்குள்ள வித்துட்டா வித்துட்டுப் போகட்டும்.

ஏலம் வேற உலகம். ஏலத்துக்கு முன்னாடி சில நாள் பார்வைக்கு வைப்பாங்க, போய்ப் பாருங்க, சுவத்துல இருந்து எடுத்துப் பின்பக்கம் காட்டச் சொன்னா காட்டுவாங்க, படம் எந்த நிலைமைல இருக்கு, எங்க சேதம்னு சொல்ற கண்டிஷன் ரிப்போர்ட் கேட்டா அனுப்புவாங்க. இவ்வளவுக்குப் போகலாம்னு கேட்டலாக்ல போட்டிருக்குற எஸ்டிமேட்ல வாங்குறவர் கமிஷன் சேராது, அது 20 சதவீதத்துக்கு மேல இருக்குறது இப்போ சாதாரணம். 25 சதவீதம்னு வச்சுக்குங்க, மொத்தமா 1,000 குடுக்கத் தயார்னா 800-லயே கையை இறக்கிடணும், வரியும் அனுப்புற செலவும் இருந்தா அதுக்கும் முன்னாடியே.

கேட்டலாக்ல இருக்குற வார்த்தைகளைப் படிக்கத் தெரியாம ஏலத்துக்குப் போகாதீங்க. ஆர்ட்டிஸ்ட் பேர் மட்டும் சுத்தமா போட்டிருந்தா அவர் பண்ணதுதான்னு ஏலக் கம்பெனி சொல்லுதுன்னு அர்த்தம். "அட்ரிபியூட்டட் டு"ன்னா அநேகமா அவரா இருக்கலாம். "ஸ்டுடியோ ஆஃப்"னா அவர் பட்டறைல யாரோ. "சர்க்கிள் ஆஃப்"னா அவர் காலத்துல அவரைச் சுத்தி இருந்த யாரோ. "ஃபாலோவர் ஆஃப்"னா அவர் பாணியைப் பிடிச்சுக்கிட்ட ஒருத்தர், "மேனர் ஆஃப்"னா இன்னும் ரொம்பப் பின்னாடி வந்த ஆளு, "ஆஃப்டர்"னா அவர் படத்தைப் பாத்துப் பண்ண காப்பி. "சைன்ட்"னா அவரே கையெழுத்து போட்டதுன்னு நினைக்கிறாங்க, "பேர்ஸ் சிக்னேச்சர்"னா கையெழுத்து ஒண்ணு இருக்கு, ஆனா அதை வேற யாரோ போட்டதுன்னு நினைக்கிறாங்கன்னு அர்த்தம். எல்லாம் வெளிப்படையாத்தான் அச்சடிச்சிருக்கும், படிக்காதது நம்ம தப்பாயிடும்.

காகிதம் இல்லாட்டி வேண்டாம்

நியூயார்க்ல நோட்லர்னு ஒரு கேலரி, 1846-ல இருந்து நடந்தது. 1990-கள்ல இருந்து ராத்கோ, பொல்லாக்ங்கற பெரிய அமெரிக்க ஓவியர்கள் பேர்ல யாரும் அதுவரைக்கும் பாக்காத ஓவியங்களை வித்தாங்க, யாருன்னு பேர் சொல்ல விரும்பாத ஒரு கலெக்டர் குடும்பத்துல இருந்து வருதுன்னு கதை. எல்லாம் குவீன்ஸ் பகுதில ஒரு ஓவியர் வரைஞ்ச போலி, ஒட்டுமொத்தமா எட்டு கோடி டாலர் அளவுக்குக் கை மாறியிருந்துச்சு, 2011-ல கேலரியே மூடிடுச்சு. ஒரு படத்துல பொல்லாக் பேர்ல "சி" எழுத்தையே விட்டுட்டுக் கையெழுத்து போட்டிருந்தாங்க. கோடிக்கணக்குல குடுத்தவங்களே முதல் ஓனர் யாரு, அப்புறம் யாரு, ரசீது எங்கங்கற கேள்விக்கு நேரான பதில் இல்லாமலே வாங்கியிருக்காங்க.

நீங்க அந்த விலைக்குப் போகப் போறதில்ல, ஆனா கேள்வி அதேதான். உயிரோட இருக்குற ஆர்ட்டிஸ்ட்னா அவரே ஒரு வரி எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்தா போதும். கேலரின்னா தலைப்பு, வருஷம், மெட்டீரியல், அளவு, எடிஷன் நம்பர் எல்லாம் போட்ட ரசீது வேணும். தங்க முத்திரை குத்தின சர்டிஃபிகேட்டை விட நான் இந்த ரசீதைத்தான் நம்புவேன், ஏன்னா சர்டிஃபிகேட்டை யாரும் பிரிண்ட் எடுக்கலாம், கையெழுத்து போட்டவருக்கு அந்தத் தகுதி இருக்காங்கறதுதான் விஷயம். முகம் காட்டாத தெரு ஓவியர் பேங்க்ஸியோட வேலைன்னா பெஸ்ட் கண்ட்ரோல்ங்கற அவரோட சொந்த அமைப்பு குடுக்குறது மட்டும்தான் செல்லும், வேற யார் எழுதிக் குடுத்தாலும் மார்க்கெட்ல மதிப்பில்ல.

பழங்காலச் சிலை, கோயில் பொருள், அகழ்வுல கிடைச்சது, இதெல்லாம் தொடவே வேண்டாம். கலாச்சாரச் சொத்துகளைத் திருட்டுத்தனமா கடத்துறதுக்கு எதிரா 1970-ல யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்துச்சு, ஒரு பொருள் எப்போ எந்த நாட்டுல இருந்து எந்த அனுமதியோட வெளிய வந்துச்சுன்னு காகிதம் இல்லாட்டி நாளைக்கு அது உங்க கைல இருக்காது, காசும் வராது. இன்டர்போல் 2021-ல ஐடி-ஆர்ட்னு ஒரு ஃப்ரீ ஆப் விட்டிருக்கு, திருட்டுப் போன 50,000-க்கு மேற்பட்ட பொருள் அதுல பதிவாகியிருக்கு, போட்டோ எடுத்துத் தேடலாம்.

வீட்டுக்கு வந்ததும்

காகித வேலைக்கு மியூசியங்கள்ல 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அலகு) வெளிச்சம்தான் வைப்பாங்க, எண்ணெய் ஓவியத்துக்கு 200 சுமார். நேர் வெயில் படுற ஜன்னலோரம் ஆயிரக்கணக்குல போகும். வெளிச்சத்தால போன கலர் திரும்பி வராது, அதனால இடத்தை முதல்ல முடிவு பண்ணுங்க. ஈரம் ஏறுற வெளிச்சுவர், சமையலறை, குளியலறைப் பக்கம் வேண்டாம். காகிதம் நேரா கண்ணாடில ஒட்டக் கூடாது, நடுவுல ஆசிட் இல்லாத மவுன்ட் போர்டு வேணும். "ஃப்ளாட்டா நிக்கும் சார்"னு ஃப்ரேம் கடைல பின்னாடி முழுசா பசை போட்டு ஒட்டுவாங்க, செல்லோடேப் போடுவாங்க, ரெண்டையும் முன்னாடியே வேண்டாம்னு சொல்லிடுங்க. ஜப்பானியக் காகிதத் துண்டும் கோதுமை ஸ்டார்ச் பசையும்தான் சரியான முறை, வேணும்ங்கறப்போ தண்ணி தொட்டுப் பிரிச்சு எடுத்துடலாம். பாஸ்டல், கரி வேலைக்குச் சாதா அக்ரிலிக் ஷீட் போட்டா அதோட நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கும், அதுக்குக் கண்ணாடியே மேல். படத்தோட நடுப்பகுதி தரைல இருந்து 150 சென்டிமீட்டர் கிட்ட வந்தா கண்ணுக்கு சுகமா இருக்கும், நம்ம வீடுகள்ல பெரும்பாலும் ரொம்ப உயரத்துல மாட்டிடுறோம்.

வாங்கின அன்னைக்கே முன்பக்கம் பின்பக்கம் போட்டோ, ஃப்ரேம் இல்லாம அளவு, ரசீது ஸ்கேன், யார்கிட்ட எப்போ வாங்கினது, ஏன் வாங்கினேன்னு ரெண்டு வரி, எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போடுங்க. பின்னாடி ஒட்டியிருக்குற பழைய லேபிள், முத்திரை எதையும் பிய்க்காதீங்க, அதுவும் சரித்திரம்தான். ஓவியத்தை வாங்கினதால காப்புரிமையும் உங்களுதுன்னு ஆயிடாது, அதை டீ ஷர்ட்ல போடணும்னா ஆர்ட்டிஸ்ட்கிட்ட கேக்கணும். மறுபடி விக்கும்போது ஆர்ட்டிஸ்டுக்கு ஒரு பங்கு போகணும்ங்கற சட்டமும் பல நாட்டுல இருக்கு, பிரான்ஸ் 1920-லயே கொண்டு வந்துடுச்சு, விக்கிற எண்ணம் வந்தா உங்க ஊர்ச் சட்டம் என்னன்னு விசாரிச்சுக்குங்க.

சில வருஷம் கழிச்சு அந்த ஆர்ட்டிஸ்டே "ஒரு ஷோவுக்கு அந்தப் படம் வேணும், குடுப்பீங்களா"ன்னு கேக்கலாம், தாராளமா குடுங்க, அவருக்கும் நல்லது, படத்தோட வரலாறுல ஒரு வரியும் கூடும். எழுத்துல ஒப்பந்தம் வாங்கிக்குங்க, உங்க சுவத்துல இருந்து இறங்கின நிமிஷத்துல இருந்து திரும்ப மாட்டுற வரைக்கும் இன்ஷூரன்ஸ் ஷோ நடத்துறவங்க பொறுப்புன்னு அதுல இருக்கணும், லேபிள்ல உங்க பேர் வரணுமா வேண்டாமான்னும் சொல்லிடுங்க. திரும்பி வந்ததும் போகும்போது எடுத்த போட்டோவோட ஒப்பிட்டுப் பாத்துட்டு, அப்புறம் டெலிவரி ஸ்லிப்புல கையெழுத்து போடுங்க.